மணல் வீசும் தொழிலின் 150 வருடக் கதை: பெட்டிக்குள் எதைப் போடுவது, எதைப் போடக் கூடாது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கராஜ், லேத், கேட் வேலைத்தளம் வைத்திருக்கும் நானாமாரும், சாதாரண தரம் எழுதிவிட்டு வேலை பழகப் போகும் பிள்ளைகளின் வாப்பா உம்மாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பரீட்சை முடிந்ததும் நம் பிள்ளைகளில் கணிசமானோர் தொழில் பழகப் போகிறார்கள். நல்ல விடயம்தான். அலாய் வீலைப் புதிதுபோல ஆக்குவது, இயந்திரப் பாகங்களின் கறளை எடுப்பது, பெயின்ற் அடிக்க முன் இரும்பைச் சுத்தம் செய்வது என்று வேலைகள் வருகின்றன. இவற்றுக்காகச் சிறு வேலைத்தளங்களிலும் பிளாஸ்டிங் பெட்டி வந்துவிட்டது. முன்னால் கண்ணாடி, இரண்டு துளைகளில் நீளமான றப்பர் கையுறை, உள்ளே ஒரு குழல். கம்ப்ரெசர் வளியோடு சேர்ந்து துகள்கள் பாய்ந்து பொருளில் மோதும். கறளும் பழைய பெயின்றும் உரிந்து விழும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன துகளைப் போடுவது என்று கேட்டால் பலர் சொல்லும் பதில், "கடற்கரை மண்ணை அரித்துக் காயவைத்துப் போட்டால் போதும், சும்மா கிடைக்குதே." இந்தப் பதிலை உலகம் முன்பே கேட்டிருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நாங்கள் ஆசிரியர்கள். துகள் விற்கிறவர்கள் அல்ல. அந்த வரலாற்றைச் சொல்வது எங்கள் வேலை என்பதால் இதை எழுதுகிறோம்.

*1870: ஒரே வருடத்தில் இரண்டு விடயங்கள்*

மணலை வேகமாக வீசிப் பொருளைச் செதுக்கலாம் என்பதைத் தொழிலாக்கியவர் பெஞ்சமின் சூ டில்மன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தவர். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1870 ஒக்டோபர் 18ஆம் திகதி அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. கல், உலோகம், கண்ணாடி ஆகியவற்றை நீராவி அல்லது வளியின் வேகத்தில் மணலை வீசி வெட்டலாம், செதுக்கலாம் என்பதே அதன் சாரம். பாலைவனக் காற்றில் பறந்த மணல் ஜன்னல் கண்ணாடிகளை மங்கச் செய்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, கண்டுபிடிப்பு அபாரமானது.

இதில் ஒரு விஞ்ஞான வேடிக்கையும் உண்டு. கண்ணாடியின் மேல் கடதாசியையோ லேஸ் துணியையோ ஒட்டிவிட்டு மணலை வீசினால் கண்ணாடிதான் தேயும், மென்மையான கடதாசி தாக்குப் பிடிக்கும். வளைந்து கொடுக்கும் பொருளில் துகள் மோதித் திரும்பிவிடும். விறைப்பான பொருள்தான் நுணுக்கமாக உடையும். கண்ணாடியில் பூ வேலை செய்தது இப்படித்தான். இன்றைய பெட்டிகளில் கையுறை றப்பராக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அதே 1870இல் இத்தாலியின் மிலான் நகர வைத்தியசாலையில் இருந்த அகில் விஸ்கொன்ரி ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். கல் தூசை சுவாசித்தவர்களின் சுவாசப்பை தழும்பாகிப் போகும் நோய் அது. தீக்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து "சிலிக்கோசிஸ்" என்று அழைத்தார். கல்லுடைப்போருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் அந்த நோய் முன்பிருந்தே உண்டு. பெயர்தான் புதிது. நோய்க்குப் பெயர் கிடைத்த வருடமே அந்த நோயைப் பெருக்கப்போகும் தொழிலும் பிறந்தது.

*மணல் ஏன் ஆபத்து?*

"கடற்கரையில் பிறந்து வளர்ந்தவங்க நாங்க, மண்ணால யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடற்கரையில் கிடக்கும் மணல் மூக்குக்குள் போனாலும் சுவாசப்பையின் ஆழத்துக்குப் போகாது. துகள் பெரியது. ஆனால் அதே மணல் இரும்பில் வேகமாக மோதும்போது உடைந்து நொறுங்குகிறது. 10 மைக்கிரோமீற்றரை விடச் சிறிய, கண்ணுக்குத் தெரியாத தூசாகிறது. அது சுவாசப்பையின் சிற்றறைகள் வரை போய்ச் சேரும்.

சாதாரண மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது பளிங்கு வடிவிலான சிலிக்கன் ஈரொட்சைட்டு. உடலின் காவல் கலங்கள் அந்தத் தூசை விழுங்கும், ஆனால் சமிக்க முடியாமல் தாங்களே இறந்துபோகும். அந்த இடத்தில் தழும்பு உண்டாகும். தழும்பான பகுதியால் ஒட்சிசனை உள்ளெடுக்க முடியாது. புதிதாக உடைந்த சிலிக்காவின் முகம் பழையதை விட இன்னும் கொடியது. மணல் வீசும் வேலையில் உண்டாகும் தூசு முழுவதும் அந்த நிமிடத்தில் உடைந்த தூசுதான்.

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. குறைந்த தூசில் பத்து வருடங்களுக்கு மேல் எடுத்து வரும். அதிக தூசில் சில வருடங்களிலேயே வரும், மிக அதிகமானால் சில மாதங்களிலும் வரும். காச நோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். 1997இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிறுவனம், வேலைத்தளங்களில் சுவாசிக்கப்படும் பளிங்கு சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது.

*பிரித்தானியா: தெரிந்த பிறகும் சென்ற வருடங்கள்*

டில்மனின் கம்பனி இங்கிலாந்திலும் வேரூன்றியது. வார்ப்பிரும்புத் தொழிற்சாலைகளில் அச்சிலிருந்து எடுத்த பொருட்களைச் சுத்தம் செய்ய மணல் வீசுவது வழமையானது. அங்கே தொழிலாளர்கள் இளவயதில் மூச்சு வாங்கி இறந்தார்கள். தொழிற்சாலை மருத்துவப் பரிசோதகராக இருந்த மெரிவெதர் 1936இல் மணல் வீசுவோருக்கு வரும் சிலிக்கோசிஸ் பற்றித் தனியாகவே ஆய்வுக் கட்டுரை எழுதினார். கல்நார் தூசின் ஆபத்தை 1930இல் அறிக்கையாக்கியவரும் இவரே. அதன் பின் 13 வருடங்கள் கழித்து, 1949இல், மூடிய இடங்களில் வார்ப்புகளையும் வேறு பொருட்களையும் சுத்தம் செய்யச் சிலிக்கா மணலை வீசுவதைப் பிரித்தானியா விசேட ஒழுங்குவிதி மூலம் தடை செய்தது. டில்மன் தொடங்கி 79 வருடங்கள்.

மணலுக்கு மாற்று இல்லாததால்தான் இவ்வளவு காலம் எடுத்தது என்று நினைக்க வேண்டாம். உருக்கிய இரும்பைத் திடீரெனக் குளிரவைத்துச் செய்யும் கடினமான இரும்புக் குண்டுகளை டில்மனே 1870களில் அறிமுகப்படுத்தியிருந்தார். மாற்று பக்கத்திலேயே இருந்தது. மணல் மலிவாக இருந்தது. வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் தொழில்சார் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1974இல் மணலைத் தடை செய்யும்படி பரிந்துரைத்தது. முழுத் தடை வரவில்லை. 1992இல் அதே நிறுவனம் மீண்டும் எச்சரிக்கை வெளியிட்டது. மணல் வீசும் வேலையால் நோயுற்ற 99 பேரை அது விபரித்தது. அவர்களில் 14 பேர் அப்போதே இறந்திருந்தார்கள்.

*துருக்கி: ஜீன்ஸுக்காகப் போன மூச்சு*

இந்தக் கதையில் நம் பிள்ளைகளின் வயதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தேய்ந்து வெளுத்த ஜீன்ஸ் உலகெங்கும் நாகரிகமானது. புதிய காற்சட்டையைப் பழையதுபோல ஆக்க மலிவான வழி, தொடைப் பகுதியில் மணலை வீசுவது. இஸ்தான்புல்லின் சிறிய, ஜன்னல் இல்லாத வேலைத்தளங்களில் இது நடந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கிழக்குத் துருக்கியின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள். முகத்தில் துணி முகமூடி. சிலர் வேலைத்தளத்திலேயே தூங்கினார்கள்.

2005இல் எர்சுரூம் நகர அத்தாதுர்க் பல்கலைக்கழக வைத்தியர்கள் இரண்டு இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். சிறுவயதிலேயே இந்த வேலைக்குச் சேர்ந்தவர்கள். கிழவர்களுக்கு வரும் கல்லுடைப்பு நோய் அவர்களுக்கு வந்திருந்தது. தேடிப் பார்த்தபோது இன்னும் பலர் வெளிப்பட்டார்கள். பிங்கோல் மாகாணத்தின் தாஷ்லிச்சாய் என்ற கிராமத்தில் வீட்டுக்கு வீடு நோயாளி இருந்த நிலை நாட்டையே உலுக்கியது. 2009 மார்ச்சில் துருக்கி அரசு துணிகளில் மணல் வீசுவதைத் தடை செய்தது. 2010 செப்டெம்பரில் லீவைஸ், எச் அண்ட் எம் ஆகிய கம்பனிகள் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆனாலும் வேலை முழுதாக நிற்கவில்லை. வேறு நாடுகளுக்கு இடம் மாறியது. பங்களாதேஷில் அது தொடர்வதை 2012இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் வெளிப்படுத்தின.

இங்கே வாப்பாமார் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. 2007இல் வைத்தியர்கள் பரிசோதித்த முன்னாள் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் பலரை 4 வருடங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்தபோது கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருந்தது. இடையில் யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை. உள்ளே போன தூசு வேலையை நிறுத்திய பிறகும் தன் வேலையைச் செய்கிறது. "கொஞ்ச நாள் செய்துவிட்டு விடுவான்தானே" என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

*மாற்றுத் துகள்கள் எப்படி வந்தன?*

மணலை விட்டால் எதைப் போடுவது? இதற்கும் வரலாறு நல்ல பதில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு தேவைக்காக வந்தது. அந்தத் தேவையைப் புரிந்துகொண்டால் தெரிவு செய்வது கஷ்டம் இல்லை.

இரும்புக் குண்டும் உருக்குக் கிறிட்டும்: கனமானவை. தடித்த கறளையும் வார்ப்பில் ஒட்டியிருப்பதையும் அடித்து எடுக்கும். உருண்டைக் குண்டு மேற்பரப்பைத் தட்டி இறுக்கும், கூரான கிறிட் வெட்டும். நூறு தடவைக்கு மேலும் திருப்பிப் பாவிக்கலாம். ஆனால் அலுமினியத்திலும் துருப்பிடிக்காத உருக்கிலும் போடக் கூடாது. இரும்புப் பொடி அவற்றில் பதிந்து பிறகு கறளாகத் தெரியும். நம்முடைய கடலோர ஊர்களில் கம்ப்ரெசர் வளியில் ஈரம் இருந்தால் துகளே கறள் பிடித்துக் கட்டியாகிவிடும். ஈரம் பிரிக்கும் கருவி அவசியம்.

அலுமினியம் ஒட்சைட்டு: 1897இல் சார்ள்ஸ் ஜேக்கப்ஸ் பொக்சைற்றை மின் உலையில் உருக்கி இதைச் செய்யும் வழியைக் கண்டார். மோ அளவுகோலில் கடினம் 9. கூரானது, பல தடவை பாவிக்கலாம். பெயின்ற் பிடிக்கும்படி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க மிக நல்லது. இரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் ஏற்றது. கலப்பு வேலை செய்யும் சிறு வேலைத்தளத்துக்கு ஒரே ஒரு துகள்தான் வாங்க முடியும் என்றால் பலரும் எடுப்பது இதைத்தான்.

சிலிக்கன் காபைட்டு: 1891இல் எட்வேட் அச்சிசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்தது. காபொரண்டம் என்றால் பலருக்குத் தெரியும். இன்னும் கடினமானது, விலையும் கூட. கண்ணாடியிலும் கல்லிலும் எழுத்துச் செதுக்குவோருக்குப் பொருத்தம்.

கண்ணாடிக் குண்டு: நுண்ணிய உருண்டைகள். வெட்டாது, தட்டி மினுக்கும். பொருளின் அளவைத் தேய்க்காமல் சுத்தமாக்க வேண்டிய கார்புரேற்றர், அலுமினிய எஞ்சின் பாகங்கள் போன்றவற்றுக்கு ஏற்றது. அமுக்கத்தைக் கூட்டினால் குண்டு உடைந்து வீணாகும். குறைந்த அமுக்கமே போதும்.

பிளாஸ்ரிக், வால்நட் ஓடு: மெல்லிய அலுமினியத் தகட்டின் பெயின்றை மட்டும் எடுக்க 1980களில் அமெரிக்க விமானப்படை பிளாஸ்ரிக் துகளைக் கையாளத் தொடங்கியது. உலோகத்தைத் தொடாமல் மேற்பூச்சை மட்டும் உரிக்கும். கறளை இவற்றால் எடுக்க முடியாது.

அப்பச் சோடா: இதையும் வீசலாம். நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலையை 1986க்கு முன் திருத்தியபோது, உட்பக்கத்தில் பூசியிருந்த தாரை எடுக்க வேண்டியிருந்தது. செப்புத் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர்தான். கடினமான துகளை வீசினால் தகடே தேயும். அதனால் சோடியம் இருகாபனேற்றை வீசினார்கள். தார் போனது, செப்பு தப்பியது. ஆனால் இடைவெளிகளால் வெளியே கசிந்த சோடா சிலையின் பச்சைப் படலத்தோடு தாக்கமுற்று நிறத்தை மாற்றியது, பிறகு அதைக் கழுவ வேண்டி வந்தது. மென்மையான துகளாக இருந்தாலும் அது பொருளோடு என்ன தாக்கம் புரியும் என்று பார்க்கத்தான் வேண்டும்.

*நம் கரையில் கிடப்பது*

கார்னட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கும் சொந்தம். 1878இல் நியூயோர்க் மாநில மலைகளில் ஹென்றி ஹட்சன் பார்ட்டன் மினுக்குக் கடதாசிக்காக கார்னட் தோண்டத் தொடங்கினார். இன்று உலகில் கார்னட் அதிகம் போவது பிளாஸ்டிங் வேலைக்கும் நீர்த்தாரையால் உலோகம் வெட்டுவதற்கும்தான். கடலுக்கு அப்பால் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து பெருமளவு ஏற்றுமதியானது. 2013இல் தமிழ்நாடு அரசு அங்கே கடற்கரை மணல் அள்ளுவதைத் தடை செய்தது. நமது புல்மோட்டையில் 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனம் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தது. அந்தக் கரையிலும் தென்கரையிலும் கார்னட்டும் உண்டு.

அலை மணலைத் தரம் பிரிக்கும்போது வெள்ளையாகக் கிடப்பதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கறுப்பாகவும் செம்மையாகவும் படிவது பார உலோகக் கனியங்களும் கார்னட்டும். நம் மக்கள் சுத்தமான மண் என்று தேடி அள்ளுவது வெள்ளை மண்ணைத்தான். பெட்டிக்குள் போகவே கூடாதது அதுதான்.

"கார்னட்டிலும் சிலிக்கன் இருக்கிறதே, சேர்?" என்று விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை கேட்கும். இருக்கிறது. ஆனால் இரும்பு, அலுமினியம் போன்றவற்றோடு பிணைப்பில் இருக்கிறது. சுவாசப்பையைக் கெடுப்பது தனித்த பளிங்கு சிலிக்கா. கண்ணாடிக் குண்டிலும் சிலிக்கா உண்டு, அது பளிங்கு வடிவில் இல்லை. ஆகவே எந்தத் துகளை வாங்கினாலும் பையிலோ அதனுடன் வரும் பாதுகாப்புத் தாளிலோ "தனித்த பளிங்கு சிலிக்கா 1 சதவீதத்துக்குக் குறைவு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தாளே இல்லாமல் சாக்கில் கட்டி விற்பதை வாங்காதீர்கள்.

*மலிவு என்பது உண்மையா?*

கடற்கரை மண் சும்மா கிடைக்கிறது என்பதும் அரை உண்மைதான். அது ஒரு தடவையிலேயே நொறுங்கித் தூசாகும். தூசு பெட்டிக் கண்ணாடியை மறைக்கும், வேலை மெதுவாகும். அதிலுள்ள உப்பு இரும்பில் தங்கி, மேலே அடித்த பெயின்றுக்குக் கீழே கறளைத் தொடக்கும். வாடிக்கையாளர் ஒரு மழைக்காலத்திலேயே திரும்பி வருவார். பல தடவை பாவிக்கும் அலுமினியம் ஒட்சைட்டோடு கணக்குப் பார்த்தால் மண் மலிவு அல்ல.

"பெட்டி மூடித்தானே இருக்கு?" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும்போது தூசு வெளியே வரும். கிழிந்த கையுறை, தேய்ந்த கதவு றப்பர், தூசுப் பை மாற்றும் நேரம், எல்லாம் வழிதான். ஆகவே நல்ல துகள் போட்டாலும் இவை வேண்டும்:

1. தூசு உறிஞ்சும் விசிறி இல்லாமல் பெட்டியை இயக்க வேண்டாம்.
2. வீசி முடித்தவுடன் கதவைத் திறக்காமல், உள்ளே தெளியும் வரை பொறுங்கள்.
3. தரையில் விழுந்த தூசைக் காய்ந்தபடி கூட்டவோ கம்ப்ரெசரால் ஊதவோ வேண்டாம். நனைத்துத் துடையுங்கள்.
4. கைக்குட்டையும் துணி முகமூடியும் இந்தத் தூசைத் தடுக்காது. அதற்கென்று உள்ள சுவாசக் கவசம் வேண்டும்.
5. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். துகள் நல்லதாக இருந்தாலும் உரிந்து வரும் தூசு நல்லதாக இருக்காது.
6. வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைத் தூக்க வேண்டாம்.

நம் நாட்டில் 1942ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்த முடியாது என்பதும் சட்டம். சாதாரண தரம் எழுதிய பிள்ளைக்கு 16, 17 வயது. அந்தப் பிள்ளை லேத் பழகட்டும், வெல்டிங் பட்டறையின் கணக்கைப் பார்க்கட்டும், பாகம் கழற்றிப் பூட்டப் பழகட்டும். பிளாஸ்டிங் பெட்டிக்கு முன்னால் நிறுத்த வேண்டாம்.

வாப்பா உம்மாமாருக்கு: பிள்ளையை வேலைக்குச் சேர்க்கப் போகும்போது சம்பளத்தோடு சேர்த்து இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "பெட்டிக்குள் என்ன போடுறீங்க, தம்பி?" கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

வேலைத்தளம் நடத்தும் நானாமாருக்கு: நம் பிள்ளைகளுக்குத் தொழில் கொடுக்கிறீர்கள், அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். உங்கள் மூச்சும் அதே அறையில்தான் இருக்கிறது. மண் மூட்டையை இந்தக் கிழமையே வெளியே எடுத்துவிடுங்கள். எந்த வேலைக்கு எந்தத் துகள் என்று சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், துறையில் இருப்பவர்களும் வந்து சொல்லட்டும்.

உழைத்து உண்பதை நம் மார்க்கம் உயர்த்திச் சொல்கிறது. அந்த உழைப்பு பிள்ளையின் சுவாசப்பையை எடுத்துக்கொள்ளாமல் இருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல தொழிலையும் நீண்ட ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.

கராஜ் குழுக்களிலும் பள்ளிவாசல் குழுக்களிலும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.